நினைவிலே நிறுத்துதலும் ஏட்டிலே இறக்குதலும்

செய்நிரல் எழுதக் கற்கும் இளைஞரிடையே ஒரு விருப்பம் வேரூன்றி வருதலை யாம் காண்கின்றோம். வலைவழிச் செயலியொன்றை ஆக்குமிடத்து, அது கையாளும் பொருள்கள் யாவற்றையும் ஒருமுறை கணினியின் நினைவகத்துள் ஏற்றிவிட்டு, அவற்றை அங்கேயே உயிருடன் வைத்திருந்து, வருவோர்க்கெல்லாம் அவற்றிலிருந்தே விடை கூறிவிடலாம் என்பதே அவ்விருப்பம். தரவுத்தளம் என்னும் ஏட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடுவானேன் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, ஆயினும் எமது கருத்து வேறு. நினைவகம் பொருள்கள் தொழில் செய்யுங் களமாகலாம். அவற்றுக்கு நிலையான இருப்பிடமாதல் தகாது. பழைய மாணவர் இடாப்பினை வலையேற்ற வேண்டுமென்று பேசப்படும் இவ்விழாக் காலத்தில் இதனை எடுத்துரைத்தல் பொருத்தமென எண்ணுகின்றோம். கணினி நூல்களைக் கொண்டு மட்டுமன்றி, மாத்தளையிலிருந்து பலாபத்வலைக்குச் செல்வோர் ஏ9 வீதியோரத்தில் நாள்தோறும் கடந்துபோகும் ஒரு கற்குன்றையுங் கொண்டு அதனை விளக்க முற்படுவாம். அக்குன்று அலுவிகாரை.

கணினி பயிலாத மூத்தோர் பொருட்டு, ஈண்டுப் பொருள் எனப்படுவது யாது என்பதை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. பழைய மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்க. பெயர், கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு, இல்லம், முகவரி, சந்தா நிலுவை என்பன அவர்தம் பண்புகள். முகவரி மாற்றுதல், சந்தா செலுத்துதல் என்பன அவர்பால் நிகழும் செயல்கள். பண்பையும் செயலையும் பிரிக்காது ஓருருவாகக் கட்டி வைத்தால் அதுவே பொருள். இம்முறை நோர்வே நாட்டில் டால், நைகார்ட் என்னும் இருவர் 1960களில் ஆக்கிய சிமியுலா மொழியில் தோன்றி, பின்னர் ஸ்மால்டாக், ஜாவா, பைதன் எனப் பரந்தது. மனிதர் உலகை எண்ணும் முறைக்கு அணித்தாய் இருத்தலின் மாணவர்க்கு இது விரைவிற் பிடிபடுகின்றது. வியப்பன்று.

இடர் எங்கே தோன்றுகின்றது? வலை மறதியுடையது, அங்கேதான். வலையின் தொடர்பு நெறி தொடக்கத்திலிருந்தே, ஒரு வேண்டுகோளுக்கு விடை கொடுத்தவுடன் கேட்டவரை முற்றாக மறந்துவிடும்படி அமைக்கப்பட்டது. மறுகணமே அவர் மீண்டும் வந்தாலும் அது புதியவராகவே ஏற்கும். இக்குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்ருல்லி என்பார் குக்கி என்னும் சிறு சீட்டை வகுத்தார். வருபவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பி, அடுத்த முறை அதனைக் காட்டச் சொல்லி, அவரை இனங்காணும் முறை இது.

தோட்டத் தொழிலாளர் வழிவந்த எம்போன்றோர்க்கு இச்சீட்டு புதிதன்று. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவோர் தம் கடன் விவரம் பொறித்த துண்டினைத் தாமே சுமந்து சென்ற காலம் ஒன்றிருந்தது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆளை இன்ன தோட்டத்துக்குரியவர் எனக் காட்டிய வழக்கமும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தது. முன்னையது விவரம் முழுவதையும் வருபவர்மேற் சுமத்துவது. பின்னையது இலக்கத்தை மட்டும் அவரிடந் தந்து விவரத்தைப் பேரேட்டில் வைத்துக்கொள்வது. மனிதரை இலக்கமாக்கிய கொடுமையை யாம் மறவோம். செயலி கட்டுவோர்க்கோ இரண்டாவதே ஏற்றது. சீட்டில் ஊகித்தற்கரிய இலக்கம் ஒன்றே இருக்கட்டும். சந்தா நிலுவையை அச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினால், வாங்கிச் செல்பவர் அதனைத் திருத்திக்கொண்டு மீள்வதற்குத் தடையேது?

சரி, பேரேடு எங்கே இருத்தல் வேண்டும்? நினைவகத்திலா, தரவுத்தளத்திலா? பீஎச்பி மொழியில் இயல்பாக எழுதினால் இவ்வினாவே எழாது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அங்குப் பொருள்கள் புதிதாகப் பிறந்து, விடை சென்றவுடன் அனைத்தும் மடிந்துவிடும். ஜாவாவிலோ பைதனிலோ எழுதும் செயலியானது, நாட்கணக்கில் இடையறாது ஓடிக்கொண்டிருக்கக் கூடியது. ஆதலால் ஒருமுறை ஆக்கிய பொருளை அங்கு நிறுத்தி வைக்கலாம். இளைஞர் இதனைக் கண்டவுடன் மகிழ்கின்றனர். மகிழ்ச்சிக்குக் காரணமும் உண்டு. பிரதான நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோசெக்கன் போதும். சுழலும் பழைய வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் வேண்டும். ஒன்றுக்கு இலட்சம் என்னும் வேறுபாடு இது. இக்காலத்துத் திண்ம வட்டுக்களும் நினைவகத்தினும் ஆயிரம் மடங்களவு மெதுவானவையே. வேகத்தைக் கண்டு மயங்குதல் இளமைக்கு இயல்பு. எமக்கு அதில் வெறுப்பில்லை.

இனி அலுவிகாரைக்கு வருவாம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா என வழங்கும் வட்டகாமணி அபய மன்னன் காலத்திலே, அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. மகாவமிசம் நிகழ்ச்சியைக் கூறுகின்றதேயன்றி இடத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. பிற்கால நூல்களும் வழிவழி வந்த மரபுமே மாத்தளைக் குகைகளைக் காட்டுகின்றன. இந்துக் கல்லூரி மலரில் பௌத்த வரலாறு எற்றுக்கு என வினவுவார் உளரேல், வேதத்தை எழுதாமறையாகவே பேணிய மரபில் வந்த எமக்கு இதன் நுட்பம் பிறரினும் நன்கு விளங்கும் என்போம்.

நினைவிலே வைத்திருத்தல் என்பது சோம்பலான செயலன்று. திரிபிடகம் முழுவதையும் ஒருவரே தாங்கவில்லை. தீக நிகாயத்தை ஓதுவோர் தீகபாணகர் எனவும், மச்சிம நிகாயத்தை ஓதுவோர் மச்சிமபாணகர் எனவும் பிரிந்து நின்றனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரல்லர், பலர் இருந்தனர். இன்று பெருநிறுவனங்கள் தம் பொருள்களைப் பல சேவையகங்களின் நினைவகத்தில் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பல படிகளை வைத்தல் இதே முறையன்றோ?

வலகம்பாவின் காலத்தில் தமிழகத்துப் படையெடுப்பும் கொடிய பஞ்சமும் ஒருங்கே வந்தன. அங்குத்தர நிகாயத்தின் உரை அப்பஞ்சகாலத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்கின்றது. பிக்குகள் பலர் கடல் கடந்து பாரதம் சென்றனர். அறுபதின்மர் மட்டும் மலைநாட்டுப் பகுதியில் தங்கி, கிழங்கும் இலையும் உண்டு உயிர் தாங்கினர். வலிமையுள்ளபோது அமர்ந்து ஓதினர். அமரவும் வலியற்றபோது மணலைக் குவித்துத் தலையை அதன்மேற் சாய்த்து, ஒன்றுகூடிக் கிடந்தபடியே பாடத்தை மறவாது காத்தனர். பன்னீராண்டு கழிந்து பாரதஞ் சென்றோர் மீண்டபோது, இரு சாராரும் தத்தம் பாடத்தை ஒப்பிட்டுப் பார்க்க, ஓரெழுத்தும் வேறுபடவில்லையாம். நினைவகத்தின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் கதையை யாம் அறியோம். இன்றைய கணினியின் நினைவகச் சில்லும் இவ்வாறே உழைக்கின்றது. அதிலுள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருத்தலின், 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு கலமும் மீளப் புதுப்பிக்கப்படல் வேண்டும். ஓதுதல் நின்றால் பாடம் போய்விடும்; மின்சாரம் நின்றால் பொருள் போய்விடும்.

அதே காலத்தைப் பற்றிய இன்னொரு செய்தி சமந்தபாசாதிகை என்னும் விநய உரையிலே உள்ளது. மகாநித்தேசம் என்னும் நூலை மனப்பாடமாக அறிந்தவர் ஒரேயொரு பிக்குவாக எஞ்சினார். அவரோ ஒழுக்கங் குன்றியவர் என்று பெயரெடுத்தவர். அவரிடம் கற்க மகாரக்கிதர் என்னும் தேரர் மறுத்தார். பெரியோர் வற்புறுத்திய பின்னரே சென்று கற்றுக்கொண்டார். ஒரு நூல் முழுவதும் ஒரேயொரு மனிதனின் தலைக்குள் தங்கி நின்ற அந்நாட்களின் அச்சத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே சேவையகத்தின் நினைவகத்தில் மட்டும் பேரேட்டை வைத்திருக்கும் இளைஞர்க்கு அவ்வச்சம் வருவதில்லை என்பதே எமது கவலை.

மின்சாரம் எங்கே நிற்கப்போகின்றது என்று எம் நாட்டில் எவரும் கேட்கார். 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் நாடே இருண்டது என அமைச்சரே கூறினார். பாடசாலையின் கணினிக் கூடத்தில் ஒரு பெட்டியில் ஓடும் செயலி, பலாபத்வலைத் தோட்டங்களிற் குதித்துத் திரியும் குரங்குகளுக்கும் அஞ்சித்தானே வாழ வேண்டும்? மின்வெட்டே வாராவிடினும், செய்நிரலில் ஒரு வரியைத் திருத்தி மீள இயக்கும் ஒவ்வொரு முறையும் நினைவகம் வெறுமையாகின்றது. இதனைப் பலர் எண்ணுவதில்லை. தம் கையாலேயே தாம் நிகழ்த்தும் மின்வெட்டு அது.

இழப்பினும் கொடிது முரண்பாடு. செயலி சற்று வளர்ந்தவுடன் ஒரு முறைவழி போதாது. நான்கு முறைவழிகள் அருகருகே ஓடும். ஒவ்வொன்றுக்கும் நினைவகம் வெவ்வேறு. ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் முதலாவதனிடம் தம் புதிய முகவரியைத் தந்துவிட்டுப் போகிறார். விழா அழைப்பிதழ் அனுப்புவோர் மூன்றாவதனிடம் கேட்க, அது பழைய முகவரியையே சொல்கின்றது. இரண்டும் பொய் சொல்லவில்லை; ஒவ்வொன்றும் தான் அறிந்ததைச் சொல்கின்றது. பஞ்சத்தின்பின் கூடி ஒப்பிட்ட பிக்குகளைப் போல் இவை ஒப்பிடுவதுமில்லை. ஒரே முறைவழியாயினும் இடர் தீர்வதில்லை. சங்கத்தின் நிதியில் 5,000 ரூபா இருக்க, இருவர் ஒரே கணத்தில் 1,000, 2,000 எனச் சேர்க்கின்றனர். இருவர் வேலையும் தொடங்கும்போது 5,000 என்றே படித்து, தத்தம் தொகையைக் கூட்டி எழுதினால், முடிவில் 6,000 அல்லது 7,000 நிற்கும், 8,000 நில்லாது. இதனைத் தடுக்கும் பூட்டுக்களையும், முழுதும் நிகழ்க அன்றேல் முற்றும் நிகழாதொழிக என்னும் விதியையும், நல்ல தரவுத்தளங்கள் பல்லாண்டுப் பட்டறிவால் தம்முள்ளே கொண்டுள்ளன. மாணவர் ஒருவர் வார இறுதியில் தாமே அதனை மீள ஆக்கிவிடுவார் என்று நம்ப எமக்குத் துணிவில்லை.

எதிர்க்கட்சியாரின் வலுவான வாதத்தையும் மறைக்கலாகாது. ஸ்மால்டாக் மொழியில் நினைவகம் முழுவதையும் ஒரு படிமமாகவே சேமித்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரிவெய்லர் என்னும் முறையில் எல்லாப் பொருள்களும் நினைவகத்திலேயே வாழ்கின்றன, தரவுத்தளமே இல்லை. இவை இனிய அமைப்புக்கள்தாம். ஆனால் பிரிவெய்லரை ஊன்றி நோக்குக. நிலையை மாற்றும் ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றுமுன் அது வட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுகின்றது. கணினி வீழ்ந்தால் அக்குறிப்பேட்டை முதலிலிருந்து ஓதி நினைவை மீட்கின்றது. ஏடின்றி வாழ்வதாகச் சொல்வோரும் ஏட்டை மறைவில் வைத்திருக்கின்றனர் என்பது இதனாற் புலப்படும். 2009இல் வெளிவந்த ரெடிஸும் நினைவகத்தில் வாழ்ந்துகொண்டே வட்டில் எழுதிவைக்கும் வசதியுடையது. 2003இல் பிறந்த மெம்கேஷ்ட் அவ்வாறன்று; மறத்தலையே தொழிலாகக் கொண்ட பதுக்கு நினைவகம் அது. தன்னிடம் உள்ளது ஏட்டின் படி என்றும், எந்நேரமும் எறியத்தக்கது என்றும் ஒப்புக்கொள்ளும் அந்நேர்மை எமக்குப் பிடிக்கும். ஏட்டில் உண்மை இருக்க, அதன் படியை நினைவில் வைத்து விரைவாக விடை சொல்லுதலை யாம் எவ்விடத்தும் குறை கூறவில்லை. தேவாரத்தை நூல் பாராது பாடும் ஓதுவாரை எவர் பழிப்பர்?

பொருளைத் தரவுத்தள அட்டவணையில் இறக்குதல் தொல்லையான வேலை என்பதும் உண்மை. ஒரு மாணவர், அவர்தம் ஆசிரியர், அவ்வாசிரியரின் ஏனைய மாணவர் எனக் கொடிபோற் படர்ந்த பொருள்களை வரிகளாகவும் நிரல்களாகவும் வெட்டி வைத்து, பின்னர் ஒட்ட வேண்டும். அதற்கு உதவும் கருவிகள் இன்று ஒவ்வொரு மொழியிலும் உள. இதனை நீட்டியாது விடுவாம்.

தரவுத்தளத்தில் எழுதிவிட்டோம், இனி அச்சமில்லை என்று உறங்குவோர்க்கும் ஒரு சொல். திருமுறை கண்ட புராணம் கூறுவதென்ன? தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் இருந்தன. மன்னன் சென்று திறப்பித்தபோது கறையான் புற்று மூடிக் கிடந்தது. ஒரு பகுதியே தேறியது. எழுதப்பட்டது, ஆனால் எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. அலுவிகாரையின் ஏட்டுத் தொகுதியும் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிவுற்றது என்பர். ஆயினும் திரிபிடகம் அழியவில்லை, படிகள் பிறவிடங்களில் இருந்தமையால். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் வேறு படியில்லாதன என்றென்றைக்கும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்னேற்றிப் பரப்பிவருதல் அப்புண்ணுக்கு இடும் மருந்தாகும். தரவுத்தளத்தின் காப்புப் பிரதி அதே அறையில், அதே பெட்டியில் இருக்குமாயின் அதற்குக் காப்பு என்னும் பெயர் பொருந்துமா? பிரதியை எடுத்து வைத்தோர், அதனை மீளத் திறந்து வாசித்தும் பார்த்தனரா?

நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அடித்த சில நாட்களுள், இலங்கைத் தொண்டர்கள் சகானா என்னும் வலைச் செயலியை ஆக்கத் தொடங்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டப்படும் பொருள்கள் ஆகியவற்றுக்கு அது இடாப்புக்களை அமைத்தது. லங்கா மென்பொருள் நிறுவகம் அதனைப் பேணியது. அடுத்த ஆண்டுப் பாகித்தான் நிலநடுக்கத்திலும் அது உதவிற்று. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலப் பரிசையும் பெற்றது. அது பீஎச்பி மொழியில், தரவுத்தளத்தை அடிநிலையாகக் கொண்டு எழுதப்பட்டது. தாயைத் தேடும் ஒரு பிள்ளையின் பெயர் ஒரு வேண்டுகோளுக்கும் அடுத்த வேண்டுகோளுக்கும் இடையே நினைவகத்தில் மட்டும் தங்கியிருத்தல் தகுமா என்று எண்ணிப் பார்த்தால், அவ்வமைப்பின் நன்மை விளங்கும்.

இடாப்பில் பெயரிருத்தல் எத்துணைப் பெரிது என்பதை மாத்தளை மாவட்டத்துத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை இந்நாட்டிற் பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. எந்த லயத்தில், எந்த மழைநாளிற் பிறந்தார் என்பதை ஊரே அறிந்திருந்தது, ஏட்டில் இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர், முழுத்தீர்வுக்கான சட்டம் 2003ஆம் ஆண்டுவரை பிந்திற்று. சட்டத்தின் நோக்கமே அநீதியாயிருக்க, ஏடு மட்டும் இருந்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்று யாம் சொல்ல வரவில்லை. ஊரார் நினைவை எந்த அலுவலகமும் ஏற்கவில்லை என்பதையே சொல்கின்றோம். இன்றும் விடுகைப் பத்திரத்துக்காகப் பழைய சேர்விடாப்பைப் புரட்டும்படி கேட்டுப் பாடசாலை வாயிலில் நிற்கும் முதியோர் உளர். செல்லரித்த அவ்விடாப்புக்களைத்தான் இனி வலையேற்றப் போகின்றோம். மாணவரின் விளையாட்டுப் பயிற்சிக்கான பொருளன்று அது.

ஆதலால் இப்பணியை மேற்கொள்ளும் இளைஞரிடமும், அவரை நடத்தும் ஆசிரியரிடமும் யாம் கேட்பன சிலவே. மாற்றம் எதுவாயினும், அது வட்டில் எழுதப்பட்ட பின்னரே வந்தவர்க்கு 'ஏற்றுக்கொண்டோம்' என்று விடை கூறுக. நினைவகத்தில் வைப்பனவற்றை, எக்கணமும் எறிந்துவிட்டு ஏட்டிலிருந்து மீள ஆக்கக் கூடியனவாகவே வைக்க. நாள்தோறும் ஒரு படி வேறூருக்குச் செல்லட்டும். மாதம் ஒருமுறை அப்படியை வேறொரு கணினியில் திறந்து, 1950களிற் சேர்ந்த ஒருவரின் பெயர் சரியாக வருகின்றதா என்று தேடிப் பார்க்க. செய்தவர் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் சென்றபின் வருபவர்க்கும் விளங்கும்படி, அட்டவணைகளின் அமைப்பைத் தமிழில் நாலு பக்கம் எழுதி நூலகத்தில் வைக்க.

சங்கத்தின் செயற்குழு இச்செயலியை ஏற்பதற்குமுன் ஒரு சோதனையும் வேண்டும். அதற்குக் கணினி அறிவு தேவையில்லை. மூத்த உறுப்பினர் எவரும் செய்யலாம். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தத்தம் முகவரியை மாற்றிக்கொண்டிருக்கும்போது, சொல்லாமற் கொள்ளாமற் சேவையகத்தின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. ஐந்து நிமிடம் கழித்து மீண்டுஞ் செருகி, 'ஏற்றுக்கொண்டோம்' என்று திரை கூறிய ஒவ்வொரு முகவரியும் அங்கே இருக்கின்றதா என்று எண்ணிப் பார்க்க.